சிலுவை துடைத்த துணி

இது என் கண் முன்னால் நடந்தது. யாரோ சொல்லக் கேட்டதல்ல. கோயிலுக்குள், பகல் நேரத்தில், அறுபது எழுபது பேர் முழங்காலில் இருக்கும்போது நடந்தது. அதில் பாதிப்பேர் இன்னும் இருக்கிறார்கள். போய்க் கேட்டால், "இடி விழுந்துச்சு, உபதேசியாரு பயந்து சாஞ்சிட்டாரு" என்று சொல்வார்கள். அவர்கள் கண்டது அவ்வளவுதான். சிலுவைக்குப் பக்கத்தில் துணியோடு நின்றவன் நான். மிச்சத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். மாத்தளை டவுனிலிருந்து மேலே ஏறினால் ரப்பரும் கொக்கோவும் கலந்து நிற்கிற தோட்டம். அங்கே நான் பால் வெட்டினேன். என் பெயர் சூசை. என் சம்சாரம் மரியாயி. மாதாவும் சூசையப்பரும் மாதிரி பெயர் பொருத்தம். கல்யாணம் முடிந்த புதிதில் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பரா அறையிலிருந்த பிலோமினாக்கா எங்களைக் கண்டால் விடமாட்டாள்.

"மரியாயியும் வந்தாச்சு, சூசையும் வந்தாச்சு. கழுதைய எங்கடி கட்டிப்போட்ட?"

மரியாயி நின்று திரும்பிச் சொல்வாள். "கட்டல அக்கா. அதுபாட்டுக்கு லயத்து வாசல்ல நின்னு பேசுது."

அப்படி வாய் உள்ளவள். 1956ஆம் வருசம் எங்களுக்குப் பிறந்த பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பேச்சு சுருங்கிப்போனது. வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். சிரிப்பு மட்டும் இல்லை. அந்த வருசம் நவம்பர் மழையில் அவள் ஆற்றில் விழுந்து செத்தாள்.

அன்றைக்கு நான் தோட்டத்தில் இல்லை. ரப்பர் ஷீட் ஏற்றின லொறியோடு டவுனுக்குப் போயிருந்தேன். ரோட்டில் மண் சரிந்து, விடிந்த பிறகுதான் திரும்பி வர முடிந்தது. அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்தவர் யாகூப் நானா. மிளகு வாங்க எங்கள் பக்கம் வந்து போகிறவர். இழுத்து, தோளில் போட்டு, தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு இருந்திச்சு தம்பி. என்ட தோள்ல கெடந்து இருமினா. அல்லா மேல ஆணை. நான் உள்ளுக்குக் கொண்டு வச்சிட்டுத்தான் போனேன்."

உபதேசியார் வேறு சொன்னார். "வாசப்படியிலயே உசுரு போயிருச்சு சூசை. கண்ணக்கூடத் தொறக்கல."

உபதேசியார் என்றால் ஒஸ்வல்ட். மாத்தளையில் இருக்கிற பங்குச் சாமியார் எங்கள் தோட்டத்துக்கு மாசத்தில் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்குக் கோயில் என்றால் ஒஸ்வல்ட்தான். செபம் சொல்வது அவர். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது அவர். குழிக்குள் முதல் மண் போடுவதும் அவர். அவருடைய அண்ணன் செபஸ்தியன் எங்கள் கங்காணி. தம்பி ஒன்று சொன்னால் வானத்திலிருந்து வந்த மாதிரி. அண்ணன் ஒன்று சொன்னால் தொரை பங்களாவிலிருந்து வந்த மாதிரி.

"தானா குதிச்சிருக்கா. பார்த்த ஆளு இருக்கு" என்றார் உபதேசியார். யார் பார்த்தது என்று சொல்லவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை. அந்த ஆற்றைக் கடக்க ஒற்றைப் பலகைப் பாலம் ஒன்று இருந்தது. அன்றைக்கு இரவே வெள்ளம் வந்து அதை அடியோடு கொண்டு போய்விட்டது. போய்ப் பார்க்கவும் ஒன்றும் இல்லை.

தற்கொலை என்றால் எங்கள் வேதத்தில் என்ன என்று தெரியும்தானே? மணி இல்லை. செபம் இல்லை. கல்லறை வேலிக்குள் இடம் இல்லை. சாமியாருக்கு ஆள் அனுப்பிக் கேட்டதாகவும், சாமியார் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகவும் உபதேசியார் சொன்னார். "அவருகிட்ட நீ வாயத் தொறக்காத. பூசையில உனக்கு நன்மை அப்பம் கொடுக்கிறதையும் நிறுத்திருவாரு."

முள்ளுக் கம்பிக்கு வெளியே, ரப்பர் மரத்து வேர் ஓடுகிற இடத்தில் குழி வெட்டினோம்.

"ஒரே ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்க உபதேசியாரே."

"தீர்ப்பு விழுந்தாச்சு சூசை. விழுந்த பொறகு மந்திரம் சொன்னா அது தேவதுரோகம்."

அவர் சொன்னால் சரி என்று நானே மண்ணைத் தள்ளினேன். ஆனால் அன்றையிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை. அவள் அந்தக் கம்பிக்கு உள்ளே வரவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒஸ்வல்ட் என்னிடம் நன்றாக இருந்தார். இதைச் சொல்லத்தான் வேண்டும். வேலை விட்டு வந்தால் கூப்பிடுவார். விளக்கு வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கத்தி பிடித்த கையில் பென்சில் நிற்காது. பொறுமையாக என் விரலைப் பிடித்து எழுத வைப்பார். நான் முதன்முதலாக எழுத்துக் கூட்டி வாசித்தது, பாவத்துக்கு வருந்திச் சொல்கிற உத்தம மனஸ்தாப மந்திரம். நான் இப்போது இதை எழுதுவதே அந்த ஆள் கற்றுக்கொடுத்த எழுத்தில்தான். அதை நினைத்தால் சில நாள் கை கூசுகிறது.

சரி. நடந்ததைச் சொல்கிறேன்.

1957, ஏப்ரல். பெரிய வெள்ளிக்கிழமை.

அன்றைக்குக் கோயிலில் மணி அடிக்கக் கூடாது. மரக்கட்டையைத்தான் தட்டுவோம். சுரூபங்களுக்கெல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருக்கும். பீடம் வெறுமையாகக் கிடக்கும். சிலுவைப்பாதை முடிந்ததும் சிலுவை முத்தி, சிலுவையை முத்தமிடுவது. உபதேசியார் பீடத்தடியில் நின்று பெரிய மரச் சிலுவையைத் தாழ்த்திப் பிடிப்பார். சனங்கள் வரிசையாக முழங்காலில் நகர்ந்து வந்து, ஆண்டவருடைய பாதத்தை முத்தி செய்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் ஒருவன் வெள்ளைத் துணியோடு நிற்பான். ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் அந்தப் பாதத்தைத் துடைப்பான்.

அந்த வருசம் துணியை உபதேசியார் என் கையில் கொடுத்தார்.

"உனக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்" என்றார்.

மணி மூன்று. கட்டை தட்டினார்கள். டொக்... டொக்... டொக்.

காலையெல்லாம் கொளுத்தின வெயில். கோயிலுக்குள் நுழையும்போதே மேகம் கட்டிவிட்டது. சித்திரை மாசத்தில் மாத்தளைப் பக்கம் பின்னேர இடி புதிதில்லை. யாரும் பெரிதாக நினைக்கவில்லை. உள்ளே இருட்டு. இரண்டு மெழுகுவர்த்தி. வியர்வையும் தேங்காயெண்ணெயும் கலந்த நாற்றம்.

வரிசை நகர்ந்தது. முத்தி, துடை. முத்தி, துடை. துணியில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்தான். அடிக்கடி புரட்டிப் புரட்டித் துடைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒன்றைக் கவனித்தேன்.

வரிசையில் பிலோமினாக்கா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வியாகுலம் மாமா. எல்லாரும் ஒருவர் காலில் ஒருவர் இடிக்கிற மாதிரி நெருக்கமாக வருகிறார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தது. சரியாக ஓர் ஆள் இடம்.

மாமாவுக்கு முழங்கால் வலி, மெதுவாக வருகிறார் என்று நினைத்தேன்.

பிலோமினாக்கா நகர்ந்தாள். அந்த இடமும் நகர்ந்தது. மாமா நகர்ந்தார்.

கூடவும் இல்லை. குறையவும் இல்லை.

பிலோமினாக்கா பின்கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பி, பின்னால் யாரையோ முறைக்கிற மாதிரி பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிவிட்டாள். மறுபடி கழுத்தைத் துடைத்தாள். ஈரத்தைத் துடைக்கிற மாதிரி...

நான் இரண்டு எட்டு வைத்துக் குனிந்து, மாமா காதில் சொன்னேன்.

"மாமா, முன்னுக்கு வாங்க. இடம் இருக்கு."

அவருக்கு எரிச்சல். "எங்கடா வாறது? ஆளு இருக்குல்ல."

"யாரு மாமா?"

கண்ணை மூடி மந்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நான் திரும்பி என் இடத்துக்கு வந்தேன். பிலோமினாக்கா வந்து முத்தி செய்தாள். துடைத்தேன். துணியைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

அவள் எழுந்து போனாள்.

இப்போது சிலுவைக்கு முன்னால் யாரும் இல்லை.

வியாகுலம் மாமா அங்கேயே நின்றார். வரவில்லை. தன் முறைக்குக் காத்திருக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

உபதேசியார் பழக்கத்தில் சிலுவையைத் தாழ்த்தினார். கீழே பார்த்தார்.

அவர் கை பாதியில் நின்றது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. அவர் வெற்றுத் தரையைப் பார்க்கவில்லை. அவர் ஓர் ஆளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த ஆளை.

எனக்குச் சத்தம் கேட்டது.

சொட்...

சொட்...

மழை இன்னும் தொடங்கவில்லை. கூரைத் தகரம் காய்ந்து கிடந்தது.

சொட்...

ஆற்று வாடை அடித்தது. வெள்ளம் வடிந்த பிறகு கரையில் அடிக்கிற வாடை. நான் மூச்சை அடக்கினேன்.

உபதேசியார் சிலுவையை மேலே தூக்கினார். மெதுவாக. நெஞ்சு உயரத்துக்கு. கொடுக்க மாட்டேன் என்கிற மாதிரி.

அவர் உதடு அசைந்தது. மந்திரம் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது.

"சொல்லு..."

அவ்வளவு சின்னக் குரல்.

"சொல்லு... அப்பதான்."

அப்போது சிலுவை கீழே இறங்கியது.

அவர் இறக்கவில்லை. அவர் மேலே இழுத்தார். அது கீழே போனது.

யாரோ அடியில் பிடித்து இழுக்கிற மாதிரி...

அவர் இரண்டு கையாலும் பிடித்தார். நரம்பு புடைத்தது. சிலுவை இன்னும் ஒரு சாண் இறங்கியது.

இன்னும் ஒரு சாண்...

மெழுகுவர்த்தி இரண்டும் ஒன்றாக அணைந்தன.

அப்போதுதான் இடி விழுந்தது.

விளக்கு வந்தபோது உபதேசியார் பீடத்துப் படியில் மல்லாந்து கிடந்தார். சிலுவை அவர் நெஞ்சுமேல். பிள்ளைகள் அலறுகிறார்கள். யாரோ தண்ணீர் கொண்டு வரச் சொல்கிறார்கள். தகரத்தில் மழை கொட்டுகிறது. வியாகுலம் மாமா முன்னால் வந்துவிட்டார். நடுவில் இடம் இல்லை.

நான் ஏன் அதைச் செய்தேன் என்று எனக்கே தெரியாது. காலையிலிருந்து சொல்லி வைத்த வேலை. கை தானாகப் போனது. குனிந்து, அந்தப் பாதத்தைத் துடைத்தேன்.

துணி ஈரம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செம்மண். ஆற்று வண்டல் கலந்த செம்மண். ஒரு வாய் அகலத்துக்கு.

பின்னேரம் கோயிலின் பின் அறையில் உபதேசியார் என்னைக் கூப்பிட்டார்.

"துணியக் கொடு."

கொடுத்தேன். தூபம் போடுகிற கரியைத் தட்டி, அதன்மேல் துணியைப் போட்டு எரித்தார். சாம்பலைக் கிளறிவிட்டுக் கேட்டார்.

"நீ ஏதாச்சும் பார்த்தியா?"

"நான் ஒன்னும் பார்க்கல. சத்தம் கேட்டுச்சு. அவதானே வந்தா உபதேசியாரே?"

"அவ இல்ல." என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "நரகத்துக்குப் போன ஆத்துமா சிலுவைகிட்ட வருமா? அது பிசாசு. உன் பொஞ்சாதி ரூபத்துல வந்துச்சு. இனிமே அந்தக் குழிப் பக்கம் போகாத. மெழுகுதிரி வைக்காத. நீ வச்சா அதுதான் வந்து எடுக்கும்."

நான் நம்பினேன். அவர் உபதேசியார். எழுத்து படித்தவர். எனக்கு எழுத்துத் தந்தவர். நான் வேறு யாரை நம்புவது?

மறு வருசத்திலிருந்து ஒஸ்வல்ட் சிலுவை பிடிக்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் காய்ச்சல் என்று படுத்துவிடுவார். 1962இல் ஆள் போய்விட்டார். பெரிய மணி அடித்து, செபம் சொல்லி, வேலிக்குள் நல்ல இடத்தில் வைத்தார்கள். நானும் தோள் கொடுத்தேன். செபஸ்தியன் கங்காணி பிள்ளைகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார்.

வருசம் ஓடியது. 1969. மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் ஒரு வீட்டுக்குக் கூரை ஓடு மாற்றக் கூலிக்குப் போனேன். வீட்டுக்காரம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"பால் வெட்டின சூசையா?"

"ஆமா அம்மா. நீங்க?"

"நான் டொறீன். டிஸ்பென்சரியில இருந்த மிஸ்ஸி."

எங்கள் டிஸ்பென்சரியில் கொஞ்ச நாள் இருந்த நர்ஸ். மரியாயி செத்த அந்த மாசமே வேலையை விட்டுப் போனவர். வயசுக்கு முந்தியே தலை நரைத்திருந்தது, அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் சும்மா, "சுகமா மிஸ்ஸி?" என்று கேட்டேன். அவர் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார்.

"உங்க சம்சாரம் வாசப்படியில சாகல சூசை."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"பொழுது சாயிற வரைக்கும் உசுரோட இருந்தாங்க. பேசினாங்க. பலகை முறிஞ்சிருச்சு மிஸ்ஸி, பலகை முறிஞ்சிருச்சுன்னு அதையேதான் சொன்னாங்க. அந்தப் பாலத்துக்குப் புதுப் பலகை போடச் சொல்லி தொரை எப்பவோ மரம் கொடுத்துட்டாரு. கங்காணி அதக் கொண்டு போய் தன்ட மாட்டுக் கொட்டிலுக்கு அடிச்சிட்டாரு. அது வெளிய வந்தா அவரு ஜெயிலுக்குப் போகணும். தம்பிக்காரரு கட்டில் பக்கத்துலயே இருந்தாரு, ஒருத்தரையும் உள்ள விடல. நான் மட்டும்தான்."

"ஒஸ்வல்டா?"

"அவருதான். கையில சிலுவை இருந்துச்சு. உங்க சம்சாரம் கேட்டாங்க. ஒருக்கா முத்தி செய்யணும், கொடுங்கன்னு. அவரு சொன்னாரு..." மிஸ்ஸி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். "நானாத்தான் குதிச்சேன்னு சொல்லு. இந்த மிஸ்ஸி கேட்கச் சொல்லு. மனஸ்தாபப்படு. அப்பதான் தருவேன்."

சொல்லு. அப்பதான்.

கோயிலில் கேட்ட அதே பேச்சு. இதை நான் மிஸ்ஸியிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை.

"அவ என்ன சொன்னா?"

"நான் குதிக்கல. அது ஒன்னுதான். அவரு மறுபடி கேட்டாரு. நான் குதிக்கல. ஆண்டவருக்கு முன்னால பொய் சொல்லிட்டு ஆண்டவர முத்தி செய்யச் சொல்றீங்களான்னு கேட்டாங்க. அவரு சிலுவைய மேல தூக்கிட்டாரு. உங்க சம்சாரம் எட்டி அதோட அடியப் புடிச்சு இழுத்தாங்க. இழுத்துக்கிட்டே இருக்கும்போதுதான்..."

"ஏன் மிஸ்ஸி அப்பவே சொல்லல?"

"எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. அதே சிலுவைய என் தலையில வச்சுச் சத்தியம் வாங்கினாரு. பயந்துட்டேன் சூசை."

ஓடு மாற்றும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மாத்தளைக்கு நடந்தேன். சாமியார் பங்களா வாசலில் போய் நின்றேன். அதே சாமியார்தான். கிழவராகியிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பயம் இல்லை. நன்மை கொடுக்காவிட்டால் போகட்டும் என்று இருந்தது.

கேட்டு முடித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சூசை, என்கிட்ட ஒருத்தரும் வரல."

"என்ன சாமி?"

"ஒஸ்வல்ட் ஆள் அனுப்பல. கேட்கவே இல்ல. அவ காய்ச்சல்ல செத்துப்போனான்னுதான் எனக்குச் சொன்னாரு. கேட்டிருந்தா உள்ளதான் வைக்கச் சொல்லியிருப்பேன். அவ குதிச்சே இருந்தாலும், கடைசி மூச்சுல மனசுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு மனுசனுக்குத் தெரியுமா? தெரியாத இடத்துல நாங்க இரக்கத்தோட பக்கம்தான் நிக்கணும். தீர்ப்பு எங்க கையில இல்ல."

நல்ல பேச்சுதான். ஆனால் இத்தனை வருசம் அந்தத் தீர்ப்பு ஒஸ்வல்ட் கையில் இருந்ததே சாமி, அப்போது ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்க நினைத்தேன். வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

அடுத்த கிழமை சாமியாரே தோட்டத்துக்கு வந்தார். "அவளத் தோண்டி எடுக்க வேணாம். வேலிய நகர்த்துங்க" என்றார். கட்டையைப் பிடுங்கி, கம்பியை அவிழ்த்து, ரப்பர் மரத்துக்கு அந்தப் பக்கம் வளைத்து அடித்தோம். மரியாயி உள்ளே வந்தாள். செபம் சொன்னார். தீர்த்தம் தெளித்தார். மணி அடிக்கச் சொன்னார். பிலோமினாக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் கேட்ட ஒரே ஒரு ஆசை முடிந்தது. நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்.

சனங்கள் கலைந்த பிறகு சாமியார் ஒரு கல்லறைமேல் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சூசை, உன் சம்சாரம் எப்படி இருப்பா?"

"சும்மா எங்கள மாதிரித்தான் சாமி. கறுப்பு. மெலிஞ்ச ஆளு."

"காது?"

"இடது காது கிழிஞ்சிருக்கும். சின்னதுல தோடு மாட்டி இழுபட்டுக் கிழிஞ்சது." சொன்ன பிறகுதான் யோசித்தேன். "ஏன் சாமி கேட்கிறீங்க?"

அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"ஒஸ்வல்ட் சாகுறப்ப நான் அவஸ்தை எண்ணெய் பூச வந்தேனே, அப்ப வாசல்ல நின்னது நீதானே?"

"நான்தான் சாமி. நீங்கதான் யாரையும் விடாதன்னு நிறுத்தினீங்க."

"அப்புறம் ஏன் அந்தப் பொம்பளைய உள்ள விட்ட?"

"எந்தப் பொம்பளை?"

அவர் சொன்னார். நான் அப்படியே எழுதுகிறேன்.

எண்ணெய் பூசி முடித்துவிட்டு, முத்தி செய்யக் கொடுப்பதற்குச் சிலுவையை எடுத்தாராம். பின்னாலிருந்து ஒரு பெண் வந்து அதைக் கையில் வாங்கினாளாம். வீட்டு ஆள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அவள் ஒஸ்வல்ட் தலைமாட்டில் உட்கார்ந்து, சிலுவையை அவர் உதட்டுக்கிட்டக் கொண்டு போனாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாதிரி, அவ்வளவு பொறுமையாக.

ஒஸ்வல்ட் அவள் முகத்தைப் பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அவள் அந்தப் பக்கம் கொண்டு போனாள். இந்தப் பக்கம் திருப்பினார். இந்தப் பக்கம் கொண்டு வந்தாள்.

"அவ கோபப்படல சூசை. ஒரு வார்த்தை பேசல. அவரு மூச்சு நிக்கிற வரைக்கும் நீட்டிக்கிட்டே இருந்தா."

"அவரு முத்தி செஞ்சாரா சாமி?"

"இல்ல."

காற்று அடித்தது. புதுக் கம்பி கிரீச்சென்றது.

"எனக்கு ஒன்னுதான் அப்ப விளங்கல" என்றார் சாமியார். "அவ தலையெல்லாம் ஈரம். சேலையில தண்ணி சொட்டிச்சு. தரையெல்லாம் தண்ணி. மழையில நனைஞ்சுட்டு வந்திருக்கான்னு நினைச்சேன்."

அது ஓகஸ்ட் மாசம். அன்றைக்கு மழையே இல்லை. அந்தக் காம்பராவுக்கு ஒரே ஒரு வாசல். அதை அடைத்துக்கொண்டு, உள்ளே என் குரு சாகிறார் என்று அழுதுகொண்டு நின்றவன் நான்.

எனக்கு அவள் ஒரு தடவைகூட முகம் காட்டவில்லை. இன்றைக்கு வரை இல்லை. கனவில்கூட இல்லை. அவனுக்குக் காட்டினாள். அவன் வாய்கிட்டச் சிலுவையைக் கொண்டு போனாள்.

என்னைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறாள். என் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.